செய்தி வாசித்தவரின் பற்கள்

எங்கள் பல் மருத்துவமனை ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே திருகாணி, கீல், தாழ்ப்பாள், பெயிண்ட் விற்கும் கடை. காலையில் அங்கே தின்னர் டின்னைத் திறந்தால் அந்த வாடை படியேறி எங்கள் காத்திருப்பு அறைக்கு வந்துவிடும். கிராம்புத் தைலமும் தின்னரும் கலந்த அந்த நெடி இப்போதும் எங்காவது மூக்கில் பட்டால், ஒரு கணம் என் நாற்பது வயது எனக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

அந்த இடத்தை நானும் என் கல்லூரித் தோழியும் சேர்ந்து நடத்தினோம். அவளுடையது நாகப்பட்டினம் கரையிலிருந்து தாத்தா காலத்தில் கப்பலேறி வந்து தேக்காவில் ஜவுளிக் கடை போட்ட தமிழ் முஸ்லிம் குடும்பம். என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நான் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தேன். படிக்கிற காலத்திலிருந்தே எங்கள் இருவருக்கும் ஒரே சண்டைதான். புதுப் பொருள் எது வந்தாலும் வாங்கிப் பார்த்துவிட வேண்டும் எனக்கு. அவளோ, "கொஞ்ச வருஷம் மத்தவங்க பேஷண்ட் வாயில இருக்கட்டும், அப்புறம் நம்ம பேஷண்ட் வாயில வைப்போம்" என்பாள். இந்தச் சண்டை இல்லாத நாட்களில் எங்கள் உதவியாளர், "டாக்டர் ரெண்டு பேருக்கும் உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்.

ஒரு நாள் மதிய உணவு முடிந்த நேரத்தில் வயதான கணவனும் மனைவியும் படியேறி வந்தார்கள். அவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, கால்களால் தடவித் தடவி வந்தார். அந்த அம்மா வெளிர் நீலப் பருத்திப் புடவை கட்டியிருந்தார். ஒரு கையில் தண்ணீர்ப் போத்தல். உட்கார்ந்ததும் ஒரு வாய் குடித்தார். மூடினார். உடனே மறுபடி திறந்து குடித்தார்.

பேசியது அவர் கணவர்தான். "இவளுக்கு முன்பல்லு ஒடைஞ்சிருச்சு டாக்டர். பேசுனா காத்து போகுது."

"காத்தெல்லாம் போகல. இவருக்குத்தான் அப்படிக் கேக்குது" என்றார் அந்த அம்மா.

கையுறையைப் பாதி மாட்டிய நான் அப்படியே நின்றுவிட்டேன். குரல் கரகரத்திருந்தது, முன்பல் இல்லாததால் கொஞ்சம் சிதறியும் வந்தது. ஆனால் வாக்கியத்தின் கடைசி எழுத்தை விழுங்காமல் மெல்ல இறக்கி வைத்துவிட்டு நிறுத்தும் அந்தப் பழக்கம் வேறு யாருக்கும் கிடையாது.

குவீன்ஸ்டவுன் வீட்டில் எங்களுக்குக் கடிகாரம் தேவைப்பட்டதே இல்லை. அந்தக் குரல் வானொலியில் 'வணக்கம்' சொல்லும்போது நான் பள்ளிச் சீருடையில் இருக்க வேண்டும். தலைப்புச் செய்தி முடிவதற்குள் இரட்டைச் சடை முடிந்திருக்க வேண்டும். அம்மா வாயில் ரிப்பனைக் கவ்விக்கொண்டு, "அக்கா வானிலைக்கு வந்துட்டாங்க, இன்னும் நீ மைலோ குடிக்கல!" என்று அரைகுறையாகக் கத்துவார். அப்பா அந்த நேரத்தில் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பார். வானிலை அறிக்கையை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் படியிறங்குவார், துறைமுகத்தில் மழை என்றால் வேலையே வேறு என்பதால். பள்ளியில் தமிழ்ப் பேச்சுப் போட்டி வந்தபோது நான் அந்தக் குரலைப் போலவே பேசிப் பழகினேன். எனக்கு அவர் முகம் தெரியாது. பெரிய கொண்டை, தடித்த கண்ணாடி என்று நானாக ஒரு முகம் வைத்திருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் குட்டை முடியோடு, ஒல்லியாக, என் சின்ன அத்தையைப் போல இருந்தார்.

"ஆன்ட்டி, நீங்க ரேடியோல நியூஸ் வாசிச்சவங்கதானே?"

அவர் தலையசைத்தார். கணவர் முகம் மலர்ந்தது. "குரல வச்சே கண்டுபிடிச்சிட்டாங்க பாரு. அப்ப இருந்த குரலு இன்னும் இருக்கு. நான்தான் சொல்றேன்ல?"

அதே நிலையத்தில் ஒலிப்பதிவுப் பிரிவில் வேலை பார்த்தவராம் அவர். அந்த அம்மா மைக் முன்னால், இவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். கையசைத்து அசைத்தே பேசிப் பழகி, கல்யாணத்தில் முடிந்திருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு கண் அழுத்த நோயால் அவருக்குப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது.

அந்த அம்மாவுக்கு வந்தது வேறு. நாக்கின் அடிப்பக்கம் கட்டி. கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்துக் கட்டியைக் கரைத்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கதிர் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் சேர்த்துச் சுட்டுவிட்டது. "நாக்கு மேல போய் ஒட்டிக்குது மா. தண்ணியில்லாம ஒரு வரி பேச முடியாது" என்றார்.

நாற்காலியைச் சாய்த்து வாயைப் பார்த்தேன். மேலும் கீழும் பற்களின் கழுத்தில், ஈறைத் தொட்டாற்போல, பழுப்பு வளையம். சில இடங்களில் கருவி வைத்தால் உள்ளே இறங்கியது. மேல் முன்பல் ஒன்றின் மூலை ரொட்டி கடித்தபோது உடைந்திருந்தது. இப்படிப்பட்ட வாயில் பல்லைப் பிடுங்கிவிட்டுப் பொய்ப்பல் கட்டிவிடலாம் என்று சுலபமாகச் சொல்ல முடியாது. கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பு எளிதில் ஆறாது. ஈரமில்லாத ஈறில் பொய்ப்பல் உராய்ந்து புண்ணாகும். இருக்கிற பல்லை எப்படியாவது நிறுத்தி வைப்பதுதான் வழி.

"எதுக்காக அவசரம்னா," என்று அவர் கணவர் ஆரம்பித்து, தயங்கினார்.

அந்த அம்மாவே சொன்னார். காலையில் தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு வரை கணவருக்குச் சத்தமாக வாசிப்பது அவர்கள் வழக்கம். பல் உடைந்ததிலிருந்து 'ச' சிதறுகிறது, 'த' நிற்க மாட்டேன் என்கிறது. அதனால் நிறுத்திவிட்டாராம்.

"நான் ஒண்ணுமே சொல்லலையே!" என்றார் கணவர்.

"நீங்க எங்க சொல்றீங்க? காத மட்டும் இந்தப் பக்கம் திருப்புறீங்க. அதுக்கே எனக்குப் போதும்."

அன்றே வழக்கமான பொருளைக் கொண்டு முன்பல்லைக் கட்டினேன். நிறம் அவ்வளவு பொருத்தமாக அமைந்தது. கண்ணாடியைக் கொடுத்தேன். அந்த அம்மா பார்த்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். அவர், "பாக்குறது இருக்கட்டும், வாசி" என்றார். காத்திருப்பு அறையில் கிடந்த பேப்பரை எடுத்து வந்தோம். அந்த அம்மா சிகிச்சை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, உள்ளூர்ச் செய்தி ஒன்றை வாசித்தார். உதவியாளர் தட்டைக் கழுவுவதை நிறுத்தினார். வெளியே காத்திருந்த இரண்டு பேர் கதவருகே வந்து நின்றார்கள்.

"நீளம் ஒரு இம்மி கூட" என்றார் கணவர். "'வ' வரும்போது ஒதட்டுல இடிக்குது."

மயிரிழை அளவு தேய்த்தேன். மறுபடி வாசித்தார். மறுபடி தேய்த்தேன். கடைசியில் அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தும் அவர் அப்படித்தான் காட்டியிருப்பார். அந்த அம்மா சிரித்தார்.

ஆனால் அது நிலைக்கவில்லை. சில மாதங்களில் பல்லும் அடைப்பும் சேரும் ஓரத்தில் பழுப்புக் கோடு தெரிந்தது. பக்கத்துப் பல்லில் பிறகு நான் வைத்த அடைப்பு ஒன்று, இட்லி சாப்பிடும்போது கழன்று வந்துவிட்டது. அதை ஒரு டிஷ்யூவில் பொதிந்து கொண்டு வந்திருந்தார். "வேணும்னு பண்ணல மா" என்றார், என் பொருளை உடைத்துவிட்டவரைப் போல. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

பல் அடைப்பு பெரும்பாலும் தானாகக் கெட்டுப்போவதில்லை. அது ஒட்டியிருக்கும் ஓரம்தான் கெடும். பல்லைச் சுத்தம் செய்து, ஒரு திரவப் பசை தடவி, நீல விளக்கைக் காட்டி இறுக்கி, அதன் மேல் அடைப்பை வைக்கிறோம். எவ்வளவு சுத்தம் செய்தாலும் உள்ளே சில கிருமிகள் மிஞ்சும். காலப்போக்கில் அந்தப் பசை நைந்து, கண்ணுக்குத் தெரியாத இடுக்கு விழும். கிருமி அதில் குடியேறும். மற்றவர்கள் வாயில் எச்சில் ஓயாமல் அலசிக்கொண்டே இருக்கிறது. அமிலத்தை நீர்த்துப்போகச் செய்கிறது, இழந்த சுண்ணாம்புச் சத்தைப் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. எங்கள் வேலையில் பாதியை எச்சில்தான் பார்த்துக்கொள்கிறது, பெயர் எங்களுக்குக் கிடைக்கிறது. இந்த அம்மாவின் வாயில் அந்தத் துணை இல்லை.

மறுநாள் மதியம் தோழியோடு, கறி அடைத்த ரொட்டி போடும் முர்தபாக் கடையில் உட்கார்ந்தபோது பேச்சை எடுத்தேன். கிருமியைக் கொல்லும் மூலக்கூறு சேர்த்த ஒட்டுப்பசை ஒன்று வந்திருக்கிறது. தடவும்போதே மிஞ்சிய கிருமியைக் கொல்லும், இறுகிய பிறகும் தன்னைத் தொடும் கிருமியைப் பெருக விடாது என்கிறார்கள். அதன் மேல் வைக்க, கால்சியமும் பாஸ்பேட்டும் ஃப்ளோரைடும் மெல்ல மெல்லக் கசிய விடும் புது அடைப்புப் பொருளும் இருக்கிறது. எச்சில் செய்யாததை அடைப்பே கொஞ்சம் செய்யும்.

"லேப்ல தட்டுல இருக்கிற கிருமி வேற, வாயில இருக்கிற கிருமி வேற லா" என்றாள். "அது மேல ஒரு படலம் படிஞ்சிட்டா, மேல வர்ற கிருமிக்குக் கீழ பசை இருக்கிறதே தெரியாது."

"தெரியும். சரி, வேற வழி நீ சொல்லு."

அவள் முர்தபாக்கைப் பிய்த்து, குழம்பில் முக்கி, வெகுநேரம் மென்றாள். "மேல்பல்லுல நீ உன் புதுசை வை. கீழ்ப்பல்லுக்கு நான் வர்றேன். என்னோட பழைய கண்ணாடித்தூள் சிமெண்ட்தான். அதுவும் ஃப்ளோரைடு விடும், பல்லோட தானா ஒட்டும். ரெண்டுல எது நிக்குதுன்னு பாப்போம். ஆனா அவங்ககிட்ட உள்ளத உள்ளபடி சொல்லிட்டு வை."

உள்ளபடி சொன்னேன். "ஆன்ட்டி, இது கண்டிப்பா தாங்கும்னு என்னால சொல்ல முடியாது. இந்த மாதிரி வாயில நீண்ட நாள் வச்சுப் பாத்தவங்க ரொம்பக் கம்மி. தாங்கலாம்."

அவர் தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். "நான் எவ்வளவு வருஷம் வானிலை வாசிச்சிருக்கேன் மா. 'மழை பெய்யக்கூடும்'னுதான் வாசிப்பேன். 'பெய்யும்'னு ஒரு நாளும் வாசிச்சதில்ல. ஜனங்க குடை எடுத்துக்கிட்டுத்தானே போனாங்க? நீ வை."

அந்த வேலை பல வாரங்கள் நடந்தது. மற்றவர்களுக்கு அடைப்பு வைக்கும்போது எங்களுக்குப் பெரிய பாடு எச்சிலை விலக்குவதுதான். பஞ்சை அடைத்து, குழாயால் உறிஞ்சி, அப்படியும் ஊறி வந்துவிடும். இவர் வாயில் வைத்த பஞ்சு வைத்தபடியே வெள்ளையாக இருந்தது. வேலைக்கு அவ்வளவு வசதியான வாயை நான் பார்த்ததில்லை. அந்த வசதி எனக்குப் பிடிக்கவில்லை. பல்லின் உட்பகுதி ஒரேயடியாகக் காய்ந்தாலும் பசை சரியாக இறங்காது என்பதால், ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி, மினுக்கம் மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டு தடவினேன். இடையிடையே நிறுத்தி அவர் உதட்டையும் நனைத்தோம்.

கணவர் மூலை நாற்காலியில் உட்கார்ந்து எல்லாச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருப்பார். "டாக்டர், உங்க கம்ப்ரெஸர் சரியில்ல. தண்ணி சேந்துருக்கு" என்றார் ஒரு நாள். ஆளை வரவழைத்துப் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை. அதைச் சொன்னபோது, "அந்தாளுக்குக் காது கேக்காது போல" என்று முடித்துவிட்டார்.

கீழ்ப்பல்லுக்குத் தோழி வந்து உட்காரும்போது அறையே மாறிவிடும். நான் பேசிக்கொண்டே வேலை செய்பவள், அவள் வாய் திறக்க மாட்டாள். வேலை முடிந்ததும் மட்டும், "தினமும் சாயங்காலம் இந்தத் தட்டுல ஜெல் போட்டுக் கடிச்சுக்கிட்டு இருக்கணும். ஒரு நாள் விட்டாலும் எனக்குத் தெரிஞ்சிடும்" என்று ஃப்ளோரைடு ஜெல்லைக் கையில் கொடுத்து மிரட்டி அனுப்புவாள். அந்த அம்மாவுக்கு அவளிடம் கொஞ்சம் பயம் இருந்தது. என்னிடம் அது இல்லை.

எல்லாம் முடிந்த நாளில் மறுபடி பேப்பர் வந்தது. அந்த அம்மா வானிலைப் பகுதியைத் தேடி எடுத்து வாசித்தார். தீவின் மேற்குப் பகுதியில் இடியுடன் கூடிய மழை. நான் சக்ஷன் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றேன். ரிப்பனின் இழுப்பு தலையில் தெரிந்தது. அம்மாவும் அப்பாவும் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. குவீன்ஸ்டவுனில் எங்கள் கட்டடம் இருந்த இடத்தில் இப்போது அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் வேறு வீடுகள். அந்த ஒரு நிமிடம், படியிறங்கும் அப்பாவின் காலணிச் சத்தம்கூடக் கேட்டது.

வாசித்து முடித்தார். கணவர் இன்னும் காதை அந்தப் பக்கமே திருப்பி வைத்திருந்தார். "என்ன, இன்னும் நீளமா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதற்குத் தேவையே இல்லாதபோதும். "இல்ல டாக்டர். இது சரி. இத இனிமே தொடாதீங்க."

மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வருவார்கள். நானும் தோழியும் ஆளுக்கொரு கண்ணாடியோடு குனிந்து, என் மேல்வரிசையையும் அவள் கீழ்வரிசையையும் ஒப்பிடுவோம். என்னுடையது ஒன்று இரண்டாம் வருடம் போனது. அவளுடையதில் ஒன்றிரண்டு மேற்பரப்பில் கரைந்து பள்ளமாயின. மற்றவை நின்றன. ஓரங்களில் பழுப்புக் கோடு இல்லை. படியேறி வரும் அவர்கள் குரல் கேட்டாலே உதவியாளர் பேப்பரை எடுத்து நாற்காலியருகே வைத்துவிடுவார்.

பிறகு ஒரு முறை வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டபோது மகன் எடுத்தார். அப்பா மாரடைப்பில் தவறிவிட்டார், அம்மா தீவின் மேற்கே பூன் லேயில் தன்னோடு இருக்கிறார் என்றார்.

கொஞ்ச காலம் கழித்து அந்த அம்மா தனியாக வந்தார். ஜெல் தட்டை எடுக்கவே இல்லை என்பது வாயைத் திறந்ததும் தெரிந்தது. பல்லோரங்கள் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தன. கீழ்ப்பல் ஒன்று கழுத்தோடு முறிந்திருந்தது. தோழிதான் பார்த்தாள். வேரைப் பிடுங்காமல், ஈறு மட்டத்துக்குத் தேய்த்து, மேலே மூடி அடைத்தாள். மிரட்டவில்லை.

நான் ஏதாவது பேச வேண்டுமே என்று, "பேப்பர் வாசிக்கிறீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டேன்.

"யாருக்கு மா?"

முகக்கவசத்தைக் கழற்றியபடி தோழி சொன்னாள்: "எனக்கு."

இருவரும் அவளைப் பார்த்தோம்.

"எனக்குத் தமிழ் படிக்க வராது ஆன்ட்டி. ஸ்கூல்ல மலாய் எடுத்தேன். பேசுவேன், அவ்வளவுதான். எங்க வாப்பா இருந்த வரைக்கும் அவங்க வாசிச்சுச் சொல்வாங்க. இப்ப யாரும் இல்ல. சனிக்கிழம லஞ்ச் டைம்ல வாங்க. நான் சாப்பிடுறப்ப வாசிங்க."

இத்தனை வருடத்தில் அவள் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. பரிதாபத்தில் சொன்னாளா, நிஜமாகவே வேண்டியிருந்ததா என்று நான் கேட்கவுமில்லை. அந்த அம்மா தண்ணீர் குடித்தார். "வெறும் தலைப்பு மட்டுமா, முழுசாவா?" என்றார்.

"முழுசா. மரண அறிவிப்பு மட்டும் வேணாம், சாப்பிடுறப்ப."

பூன் லேயிலிருந்து ரயிலேறி, லிட்டில் இந்தியாவில் இறங்கி, வெயிலில் நடந்து வருவார். ஜெல் தட்டு மறுபடி உபயோகத்துக்கு வந்தது. உள் அறையில் தோழி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, நடுவே நிறுத்தி, 'அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?' என்று கேட்பாள். நான் கதவுக்கு வெளியே நோயாளிக் குறிப்பு எழுதுவதாகப் பாவனை செய்துகொண்டு கேட்பேன். அந்தச் சனிக்கிழமைகள் சில வருடங்கள் ஓடின. என் வேலை வாழ்க்கையில் நான் திரும்பப் போக விரும்பும் இடம் எது என்று கேட்டால் அந்தக் கதவோரம்தான்.

கட்டடத்தை உரிமையாளர் விற்றபோது மருத்துவமனையை மூடினோம். எங்கள் இருவருக்கும் புது இடம் பார்த்துத் தொடங்கும் வயது தாண்டியிருந்தது. இப்போது அங்கே சின்ன ஹோட்டல் ஒன்று இருக்கிறது. என் சிகிச்சை நாற்காலி இருந்த ஜன்னலுக்கு அருகில் யாரோ ஒரு பயணி தூங்குகிறார். அந்த அம்மாவைப் பூன் லேக்குப் பக்கத்திலேயே ஒரு இளம் மருத்துவரிடம் ஒப்படைத்தோம். அவர் போன மாதம் எடுத்த எக்ஸ்ரேயை எனக்கு அனுப்பியிருந்தார். மேல்வரிசையில் நான் வைத்தவற்றில் பெரும்பாலானவை கொஞ்சம் தேய்ந்தாலும் நிற்கின்றன. கீழ்வரிசையும் அப்படித்தான். அதற்குப் பசை காரணமா, சிமெண்ட் காரணமா, பெரும்பாலும் தவறாமல் போட்ட ஜெல் காரணமா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஒரே ஒரு வாயை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

போன வாரம் மூவரும் தேக்காவில் பிரியாணி சாப்பிடப் போனோம். சோறு தொண்டையில் இறங்க வேண்டுமென்பதால், அந்த அம்மாவே கடைக்காரரிடம் "குழம்பு நெறைய ஊத்துங்க, கஞ்சத்தனம் பண்ணாதீங்க லா" என்று கேட்டு வாங்கினார். எக்ஸ்ரேயைத் தோழியிடம் காட்டினேன். "பாத்தியா? என் சிமெண்ட்" என்றாள். "மேல்வரிசையப் பாரு முதல்ல" என்றேன் நான். அவள் போனை என் கையிலிருந்து பிடுங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள்.

அந்த அம்மா ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, வாக்கியத்தின் கடைசி எழுத்துவரை தெளிவாகச் சொன்னார்: "பல்லு என்னோடது. ரெண்டு பேரும் பேசாம சாப்பிடுங்க."